அத்தியாயம் 6: முதல் மூன்று நாள்: நொதிக்கும் பீரின் சூட்டைக் கட்டுப்படுத்துதல்

வீட்டில் பீர் காய்ச்சத் தொடங்கியவர்கள் இரண்டு மூன்று முறை செய்து பார்த்ததும், அடுத்து எதில் பணம் போடலாம் என்று யோசிப்பார்கள். பெரிய பாத்திரம் வாங்கலாம், மால்ட் உடைக்கும் மில் வாங்கலாம், விலை உயர்ந்த ஹாப்ஸ் வரவழைக்கலாம். இந்த அத்தியாயம் வலியுறுத்துவது ஒன்றைத்தான்: அவை எல்லாவற்றுக்கும் முன்னால், ஈஸ்ட் போட்ட முதல் மூன்று நாள் வாளிக்குள் இருக்கும் பீரின் சூட்டை உங்கள் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவாருங்கள். நல்ல மால்ட்டும் நல்ல ஹாப்ஸும் போட்டு 28 டிகிரியில் நொதித்த பீரைவிட, சாதாரணச் சரக்கைப் போட்டு 19 டிகிரியில் நொதித்த பீர் பெரும்பாலும் நன்றாக இருக்கும். அதற்கான காரணங்களை முதலில் பார்ப்போம். செய்யும் முறையைப் பிறகு பார்ப்போம். காரணம் புரிந்துவிட்டால், கையில் உள்ள பொருளை வைத்தே முறையை நீங்களே அமைத்துக்கொள்ளலாம். இங்கே டிகிரி என்று வரும் இடமெல்லாம் செல்சியஸ்தான்.

தொடங்கும் முன் சட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை. தமிழ்நாட்டில் வீட்டில் மது தயாரிப்பது குற்றம். 1937ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டம் அதைத் தடுக்கிறது. இந்த நூல், அதற்கு அனுமதி உள்ள நாடுகளில் வாழ்கிறவர்களுக்காக எழுதப்பட்டது. பிரிட்டனில் 1963 முதல் சொந்த உபயோகத்துக்குக் காய்ச்ச உரிமம் தேவையில்லை. சிங்கப்பூரில் 18 வயது நிறைந்தவர் வீட்டில் மாதம் 30 லிட்டர் வரை காய்ச்சிக்கொள்ளலாம். கீழே வரும் கணக்குகளுக்கு லண்டனையும் சிங்கப்பூரையும் எடுத்துக்கொள்கிறேன். ஒன்று குளிர்ந்த ஊர், மற்றது வருடம் முழுக்க வெக்கை ஊர். உங்கள் ஊர் அநேகமாக இந்த இரண்டுக்கும் இடையில் எங்கோ இருக்கும்.

ஈஸ்ட் என்ன செய்கிறது

ஈஸ்ட் சர்க்கரையைத் தின்று ஆல்கஹாலும் கரியமில வாயுவும் தருகிறது என்று பள்ளியில் படித்திருப்போம். அது உண்மைதான், ஆனால் பீரின் சுவையை அது விளக்காது. மால்ட் சாற்றில் விழுந்ததும் ஈஸ்ட் முதலில் பெருகுகிறது. ஒரு செல் இரண்டாகி, நான்காகி, அந்தச் சாறு தாங்கும் எண்ணிக்கை வரை வளர்கிறது. இந்த வளர்ச்சி பெரும்பாலும் முதல் இரண்டு மூன்று நாளில் முடிந்துவிடும். வளர்வதற்குச் சாற்றில் உள்ள அமினோ அமிலங்களை ஈஸ்ட் எடுத்துக்கொள்கிறது; அவற்றைக் கையாளும்போது பியூசல் எனப்படும் கனத்த ஆல்கஹால்கள் பக்க விளைவாக உருவாகின்றன. அந்த ஆல்கஹால்களிலிருந்தும் சாதாரண ஆல்கஹாலிலிருந்தும் எஸ்டர்கள் பிறக்கின்றன. வாழைப்பழ வாசம் தருவது ஐசோஅமைல் அசிடேட் என்ற எஸ்டர். நெயில் பாலிஷ் அழிக்கும் திரவத்தின் வாடை தருவது எத்தில் அசிடேட். கொஞ்சமாக இருந்தால் பழ மணம். பியூசல் மிஞ்சினால் தொண்டையை எரிக்கும் காரம். சூடு கூடக் கூட ஈஸ்ட் வேகமாக வளரும். வேகம் கூடக் கூட இந்தப் பக்க விளைவுகளும் கூடும். ஆகவே சுவையின் பெரும்பகுதி, ஆல்கஹால் உருவாகி முடிவதற்கு வெகு முன்பே, ஈஸ்ட் வளரும் அந்தச் சில நாளில் தீர்மானமாகிவிடுகிறது. பியூசல் ஒருமுறை பீரில் சேர்ந்துவிட்டால் அதை எடுக்க வீட்டில் வழியில்லை. பாட்டிலில் மாதக்கணக்கில் வைத்தாலும் அந்தக் காரம் முழுதாகப் போகாது.

இரண்டாவது காரணம், பலரும் எதிர்பாராதது: நொதித்தல் தானே சூட்டை உண்டாக்குகிறது. ஒரு கிலோ மால்ட் சர்க்கரை நொதிக்கும்போது ஏறத்தாழ 580 கிலோஜூல் வெப்பம் வெளிப்படுகிறது. 20 லிட்டர் வாளியில், தொடக்க அடர்த்தி 1.048 உள்ள சாதாரண ஏல் ஒன்றை எடுத்துக்கொள்வோம். அதில் நொதியக்கூடிய சர்க்கரை ஏறத்தாழ 1.6 கிலோ இருக்கும். அப்படியானால் மொத்தம் 930 கிலோஜூல். அந்தச் சூடு துளியும் வெளியேறாமல் வாளிக்குள்ளேயே தங்கினால் பீர் 11 டிகிரி ஏறிவிடும். நடைமுறையில் வாளியின் சுவர் வழியாகச் சூடு வெளியேறிக்கொண்டே இருப்பதால் அவ்வளவு ஏறாது. ஆனாலும் நுரை பொங்கி நிற்கும் உச்ச நேரத்தில், பீர் அறையைவிட 2 முதல் 4 டிகிரி வரை சூடாக இருப்பது சகஜம். அறை 22 டிகிரி என்றால் பீர் 25 டிகிரி. ஈஸ்ட் பாக்கெட்டில் 18 முதல் 22 வரை என்று போட்டிருப்பதைப் படித்து, சுவரில் மாட்டிய தெர்மாமீட்டரைப் பார்த்துத் திருப்தி அடைகிறவர் இங்கேதான் ஏமாறுகிறார். பாக்கெட்டில் போட்டிருக்கும் எண் பீரின் சூட்டைக் குறிக்கிறது. இதில் இன்னொரு தொந்தரவும் உண்டு. சூடு ஏறினால் ஈஸ்ட் வேகமெடுக்கும், வேகமெடுத்தால் சூடு இன்னும் ஏறும். முதல் நாள் விட்டுப் பிடிக்கலாம் என்று இருந்தால் இரண்டாம் நாள் பிடிக்க முடியாமல் போவது இதனால்தான்.

சூடு குறைந்தாலும் நல்லதில்லை. ஏல் ஈஸ்டை 13, 14 டிகிரிக்கு இறக்கினால் அது பாதி வேலையில் அடியில் படிந்து உறங்கிவிடும். சர்க்கரை மிச்சமிருக்கும், முடிந்துவிட்டது என்று எண்ணி பாட்டிலில் அடைத்தால், வெயில் வந்ததும் ஈஸ்ட் விழித்துக்கொண்டு உள்ளேயே நொதிக்கத் தொடங்கும். அழுத்தம் தாங்காமல் கண்ணாடி பாட்டில் வெடிக்கும் விபத்துகளுக்கு இது ஒரு முக்கியக் காரணம். ஆகவே கட்டுப்பாடு என்பது குளிர வைப்பது மட்டும் இல்லை. ஒரு எண்ணைக் குறித்துக்கொண்டு, சில நாள் அதிலேயே நிற்க வைப்பதுதான் கட்டுப்பாடு.

மூன்று ஆட்சேபங்கள்

இதற்கு எதிராகப் பொதுவாக மூன்று வாதங்கள் வரும். மூன்றுமே பதில் சொல்லத் தகுந்தவை. முதலாவது, தெர்மாமீட்டர் இல்லாத காலத்திலேயே உலகம் பீர் குடித்ததே, நம் வீட்டுப் பெண்கள் எதை வைத்து அளந்து இட்லி மாவு புளிக்க வைத்தார்கள் என்பது. அளந்ததில்லை; ஆனால் கட்டுப்படுத்தினார்கள். சித்திரையில் மாவை இரவு வெகு நேரம் கழித்துக் கரைப்பதும், மார்கழியில் அடுப்படியில் வைத்துத் துணி சுற்றுவதும், டொராண்டோ குளிரில் விளக்கை மட்டும் எரியவிட்டு ஓவனுக்குள் வைப்பதும் வெப்பக் கட்டுப்பாடு அல்லாமல் வேறென்ன? பீர் காய்ச்சியவர்களும் அப்படியே. பவேரியாவில் கோடையில் காய்ச்சிய பீர் கெட்டுப்போகிறது என்று கண்டு, 1553இல் ஐந்தாம் ஆல்பிரெக்ட் பிரபு ஏப்ரல் 23 முதல் செப்டம்பர் 29 வரை பீர் காய்ச்சவே தடை போட்டார். குளிர்காலத்தில் ஏரிப் பனிக்கட்டியை வெட்டி நிலவறையில் அடுக்கி, அந்தக் குளிரில் பீரை வைத்திருந்தார்கள். 1870களில் கார்ல் வான் லிண்டே குளிரூட்டும் எந்திரத்தை உருவாக்கியபோது அதை முதலில் நாடியவர்களில் மியூனிக்கின் ஸ்பாட்டன் ஆலையும் ஒன்று. பீர் ஆலைகள் அந்த எந்திரத்துக்குப் பெரும் பணம் கொடுத்தன. ஆண்டு முழுவதும் ஒரே சூட்டில் நொதிக்க வைப்பது அவர்களுக்கு அவ்வளவு பெறுமதியாக இருந்தது. முன்னோர் கட்டுப்பாடு இல்லாமல் காய்ச்சினார்கள் என்பது சரித்திரத்தோடு ஒத்துப்போகவில்லை. அவர்கள் பருவத்தையும் நிலவறையையும் கருவியாக வைத்துக்கொண்டார்கள். மூன்றாம் மாடி ஃப்ளாட்டில் நமக்கு அந்த இரண்டும் இல்லை.

இரண்டாவது வாதம், சூட்டைத் தாங்கும் ஈஸ்டை வாங்கினால் போதாதா என்பது. இது பாதி சரி. நார்வே பண்ணைகளில் தலைமுறை தலைமுறையாகக் காப்பாற்றி வந்த குவைக் ஈஸ்ட் 35 டிகிரியிலும் அதற்கு மேலும் சுத்தமாக நொதிக்கும். பெல்ஜிய சேசான் வகை ஈஸ்டுகள் சில 30 டிகிரியைத் தாண்டியும் நன்றாக வேலை செய்யும். ஃப்ரிட்ஜ் வைக்க இடமில்லாத சிங்கப்பூர் வீட்டில் இவற்றைத் தேர்ந்தெடுப்பது புத்திசாலித்தனம். அதுவும் ஒருவகைக் கட்டுப்பாடே. ஆனால் அவற்றுக்கென்று ஒரு சுவை உண்டு. குவைக் பலவற்றில் ஆரஞ்சு போன்ற பழ மணம் வரும். சேசானில் மிளகின் கார மணம் வரும். அவற்றை மட்டுமே நம்பியிருந்தால் ஆங்கில பிட்டரோ ஜெர்மன் லாகரோ உங்கள் கைக்கு எட்டாது. லண்டனில் இருப்பவருக்குக் கதை நேர்மாறு: குவைக் தன் முழு வேகத்தைக் காட்ட அவர் வாளியைச் சூடேற்றியாக வேண்டும். எந்த ஈஸ்ட் ஆனாலும் அதற்கென ஓர் எண் இருக்கிறது. அறையின் எண்ணும் அதுவும் தற்செயலாக ஒத்துப்போனால் அதிர்ஷ்டம்.

மூன்றாவதுதான் கனமான வாதம். வீட்டில் காய்ச்சுகிறவர்கள் ஒரே சாற்றை இரண்டாகப் பிரித்து, ஒன்றைக் குளிராகவும் மற்றதைச் சூடாகவும் நொதிக்க வைத்து, மூன்று கோப்பைகளில் ஊற்றிக் கொடுத்து எது வேறுபட்டது என்று கேட்கும் சோதனைகளை நடத்தியிருக்கிறார்கள். அவற்றில் பலமுறை சுவைத்தவர்களால் வித்தியாசம் கண்டுபிடிக்க முடியவில்லை. இந்த முடிவுகளை ஒதுக்கித் தள்ளக் கூடாது. அவை சொல்வது, சில ஈஸ்ட் வகைகள் நாம் நினைத்ததைவிடப் பெருந்தன்மையானவை என்பது. உதாரணமாக 34/70 என்ற லாகர் ஈஸ்ட் 18 டிகிரியிலும் வியப்பூட்டும் அளவு சுத்தமாக நொதிக்கும். ஆனால் இருபது பேர் சுவைத்து வித்தியாசம் தெரியவில்லை என்பதால், வித்தியாசமே இல்லை என்று நிரூபணமாகிவிடாது. ஒரு ஈஸ்டில் தெரியாதது இன்னொன்றில் பளிச்சென்று தெரியும். கோதுமை பீருக்கான ஜெர்மன் ஈஸ்டை 17 டிகிரியில் வைத்தால் கிராம்பு மணம் முன்னால் நிற்கும். 22 டிகிரியில் வைத்தால் வாழைப்பழம் முந்திக்கொள்ளும். மேலும், அந்தச் சோதனைகளில் சூடான வாளியும் ஓர் எண்ணில் நிறுத்தப்பட்ட வாளிதான். வீட்டு மூலையில் பகலில் 30, இரவில் 24 என்று அலையும் வாளியை அது பிரதிநிதித்துவம் செய்யாது. என் வாதத்தின் மையம் இங்கேதான் இருக்கிறது: கட்டுப்பாட்டின் முதல் பயன், செய்ததைத் திரும்பச் செய்ய முடிவது. போன மாதம் அருமையாக வந்த பீர் இந்த மாதம் ஏன் வரவில்லை என்ற கேள்விக்கு, சூடு நிலையாக இல்லாதவரை விடை கிடைக்காது. மால்ட்டை மாற்றினோமா, ஹாப்ஸை மாற்றினோமா, அல்லது வெளியே வெயில் மாறியதா என்று பிரித்தறிய வழியில்லை. கற்றுக்கொள்ள வேண்டும் என்றால் ஒன்றையாவது அசையாமல் நிறுத்த வேண்டும்.

பனிக்கட்டி பாட்டில் கணக்கு

கருவிக்கு வருவோம். மிக மலிவானது தண்ணீர்த் தொட்டி. வாளியை அதைவிட அகலமான ஒரு பிளாஸ்டிக் தொட்டியில் வைத்து, பீரின் மட்டத்தில் முக்கால்வாசி உயரத்துக்குத் தண்ணீர் ஊற்றி, அதில் ஃப்ரீசரில் உறைய வைத்த 1.5 லிட்டர் பாட்டில்களை மிதக்க விடுங்கள். தண்ணீர் உறையும்போது விரியும் என்பதால் பாட்டிலைக் கழுத்து வரை நிரப்ப வேண்டாம். எத்தனை பாட்டில் தேவை என்பதைக் கணக்கிட்டே சொல்லலாம். அப்படி ஒரு பாட்டில் உருகி 19 டிகிரிக்கு வரும்வரை ஏறத்தாழ 600 கிலோஜூல் உறிஞ்சும். வாளி வழியாக உள்ளே வரும் சூடு, ஒவ்வொரு டிகிரி வித்தியாசத்துக்கும் சுமார் 3 வாட் என்று வைத்துக்கொள்ளுங்கள். சிங்கப்பூரில் அறை 29, பீர் 19 என்றால் வித்தியாசம் 10 டிகிரி, அதாவது 30 வாட். ஒரு நாளைக்கு 2,600 கிலோஜூல். உச்ச நாளில் ஈஸ்ட் தரும் சூடு இன்னொரு 500. மொத்தம் 3,100, ஐந்து பாட்டில். லண்டனில் 22 டிகிரி அறையில் அதே கணக்கு 1,300 கிலோஜூல் அளவில் நிற்கும்; இரண்டு பாட்டில் போதும்.

இந்தக் கணக்கைக் கூர்ந்து பார்த்தால் ஒரு பாடம் கிடைக்கும். வெக்கை ஊரில் உங்கள் பனிக்கட்டியைத் தின்பது பெரும்பாலும் அறையின் சூடு. ஈஸ்டின் பங்கு சிறியது. ஆகவே பாட்டிலைக் கூட்டுவதற்கு முன், சூடு உள்ளே வரும் வழியை அடைத்துவிடுங்கள். தொட்டியைத் தெர்மோகோல் பலகையால் சுற்றி அடைத்தாலோ, மீன்காரர்கள் வைத்திருப்பது போன்ற பெரிய ஐஸ்பெட்டிக்குள் வாளியை வைத்தாலோ உள்ளே வரும் சூடு பாதியாகும். ஐந்து பாட்டில் மூன்றாகக் குறையும். காலையில் வேலைக்குப் போகும் முன் ஒன்று, மாலையில் வந்ததும் ஒன்று, படுக்கும் முன் ஒன்று என்று மாற்றினால் போதும். ஈரத்துணி போர்த்தி ஃபேன் வைக்கும் முறை காற்று உலர்ந்த ஊரில் நன்றாக வேலை செய்யும். சிங்கப்பூரின் ஈரக்காற்றில் துணி மெல்லத்தான் உலரும், அதனால் அங்கே அதை நம்ப வேண்டாம்.

அடுத்த படி பழைய ஃப்ரிட்ஜும் ஒரு தெர்மோஸ்டாட் கன்ட்ரோலரும். ஃப்ரிட்ஜின் சொந்தத் தெர்மோஸ்டாட் காய்கறிக்கான குளிரைத்தான் தரும். 19 டிகிரியில் அது நிற்காது. கன்ட்ரோலர் என்பது நடுவில் மாட்டும் ஒரு சிறு பெட்டி. அதன் ஒயர் நுனியில் உள்ள சென்சார் சொல்வதைக் கேட்டு ஃப்ரிட்ஜுக்கு மின்சாரம் கொடுக்கும், நிறுத்தும். இரண்டு பிளக் உள்ளதாக வாங்குங்கள். இன்றைக்குக் குளிர வைப்பதற்கு ஒன்று, குளிர்காலத்தில் வாளியில் சுற்றும் சூடேற்றும் பட்டைக்கு மற்றொன்று. சென்சாரை எங்கே வைக்கிறீர்கள் என்பதில்தான் முழு வெற்றியும் இருக்கிறது. ஃப்ரிட்ஜுக்குள் காற்றில் தொங்கவிட்டால் அது காற்றை 19 டிகிரியில் வைக்கும். பீர் தன்பாட்டுக்கு 22க்கு ஏறும். வாளியின் வெளிச்சுவரில், பீர் மட்டத்தின் நடு உயரத்தில், சென்சாரை அழுத்தி வைத்து, அதன்மேல் கைக்குட்டை அளவு ஸ்பாஞ்சையோ பல மடிப்பு பபிள் ராப்பையோ மூடி, நான்கு ஓரமும் காற்றுப் புகாமல் டேப் ஒட்டுங்கள். அந்த மூடி இருந்தால்தான் சென்சார் காற்றை விட்டுப் பீரின் சூட்டைச் சொல்லும். விலகல் அளவை அரை டிகிரி முதல் ஒரு டிகிரி வரை வையுங்கள். கம்ப்ரசர் அணைந்து மீண்டும் ஓட ஐந்து நிமிடமாவது இடைவெளி விடுங்கள். உடனுக்குடன் ஓடினால் அது பழுதாகும். ஒயரை உள்ளே விடுவதற்காக ஃப்ரிட்ஜின் பக்கச் சுவரில் துளை போடாதீர்கள். குளிர்வாயு ஓடும் குழாய் அதற்குள் இருக்கலாம். கதவின் ரப்பர் வழியாகவே ஒயர் நுழையும்.

நாள்வாரியாக

சாதாரண அமெரிக்க ஏல் ஈஸ்டை வைத்து ஒரு முறை பார்ப்போம். காய்ச்சிய சாற்றை 17 அல்லது 18 டிகிரிக்கு ஆற்றிய பிறகே ஈஸ்ட் போட வேண்டும். குழாய்த் தண்ணீரே 28 டிகிரி இருக்கும் ஊரில், சாற்றை ஆற்றும் சுருள்குழாயில் எவ்வளவு நேரம் தண்ணீர் ஓடவிட்டாலும் அதற்குக் கீழே இறங்காது. சுத்தம் செய்து மூடிய வாளியை ஃப்ரிட்ஜில் ஓர் இரவு வைத்து, மறுநாள் காலை ஈஸ்ட் போடுங்கள். 28 டிகிரியில் ஈஸ்டைப் போட்டுவிட்டுப் பிறகு குளிர வைக்கலாம் என்பது பெரும் பிழை. வளர்ச்சி தொடங்குவதே அந்தச் சூட்டில்தான். தவிர்க்க நினைத்த பியூசல் அந்த முதல் இரவிலேயே உருவாகத் தொடங்கிவிடும். சுத்தத்தில் மட்டும் குறைவைக்காமல் இருந்தால் அந்த ஓர் இரவுத் தாமதம் பீரைக் கெடுக்காது.

ஈஸ்ட் போட்டதிலிருந்து மூன்று நாள் 18, 19 டிகிரியில் பிடித்து நிறுத்துங்கள். நான்காம் நாளளவில் நுரை தணியத் தொடங்கும்; அடர்த்திமானியில் பார்த்தால் இறங்க வேண்டியதில் முக்கால் பங்கு இறங்கியிருக்கும். அப்போது கட்டுப்பாட்டைத் தளர்த்தி, ஒரு நாளைக்கு ஒரு டிகிரியாக 21 வரை ஏற விடுங்கள். இங்கே சூடு நமக்கு உதவி செய்கிறது. வளரும்போது ஈஸ்ட் வெளியே விட்ட ஒரு பொருள், பீரிலேயே மாறி டையசிட்டிலாகிறது. வெண்ணெய் போட்ட பாப்கார்ன் வாசம் அதுதான். ஈஸ்ட் அதைத் திரும்ப உள்ளே எடுத்து அழித்துவிடும், ஆனால் அதற்கு அது விழித்திருக்க வேண்டும். கடைசியில் சூடு கொடுப்பது அதை விழிக்க வைக்கத்தான். லாகரிலும் இதே ஒழுங்கு, எண்கள்தான் வேறு: 10 டிகிரியில் ஈஸ்ட், 10 முதல் 12 வரை நொதிப்பு, கால் பங்கு மிச்சமிருக்கும்போது 16 முதல் 18க்கு ஏற்றி இரண்டு மூன்று நாள், பிறகு மெல்ல 1 அல்லது 2 டிகிரிக்கு இறக்கிச் சில வாரம். ஏலைத் தொட்டி முறையில் செய்துவிடலாம். லாகருக்கு ஃப்ரிட்ஜ் வேண்டும்.

பாட்டிலில் அடைக்கும் முன் பீரைக் குளிர வைப்பதானால், அடர்த்தி இரண்டு மூன்று நாள் மாறாமல் நின்ற பிறகே குளிர வையுங்கள். குளிரும்போது வாளிக்குள் இருக்கும் வாயு சுருங்கும். ஏர்லாக்கில் உள்ள திரவத்தையும் வெளிக்காற்றையும் உள்ளே இழுக்கும். ஏர்லாக்கில் குமிழிகள் எதிர்த்திசையில் உள்நோக்கிப் போவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். அங்கே வெறும் தண்ணீர் இல்லாமல் கிருமிநாசினி கலந்த தண்ணீர் இருக்கட்டும்; அளவும் குறைவாக இருக்கட்டும். காற்று நுழைவது ஹாப்ஸ் மணத்தைக் கெடுக்கும் என்பதால், ஹாப்ஸ் அதிகம் போட்ட பீரைக் கடுமையாகக் குளிர வைக்காமலே பாட்டிலில் அடைப்பது நல்லது.

இத்தனையும் படித்து மலைத்துப் போக வேண்டாம். ஃப்ரிட்ஜ் பிறகு வரட்டும், கன்ட்ரோலர் பிறகு வரட்டும். அடுத்த முறை காய்ச்சும்போது வாளியின் சுவரில் ஒட்டும் தெர்மாமீட்டர் பட்டை ஒன்றை ஒட்டுங்கள். காலையும் மாலையும் அது காட்டும் எண்ணையும் அறையின் எண்ணையும் பக்கத்துப் பக்கத்தில் ஒரு நோட்டில் எழுதுங்கள். இரண்டாம் நாள் இரவு அந்த இரண்டு எண்களுக்கும் இடையே மூன்று டிகிரி விலகியிருப்பதை உங்கள் கையெழுத்திலேயே பார்ப்பீர்கள். அந்த மூன்று டிகிரியைக் குறைக்க எத்தனை பாட்டில் வேண்டும் என்று கணக்குப் போட மேலே உள்ள எண்கள் போதும். அதற்கடுத்த முறை அதே மால்ட்டையும் அதே ஈஸ்டையும் போட்டு, சூட்டை மட்டும் நிறுத்திப் பாருங்கள். இரண்டு பாட்டில்களையும் அருகருகே ஊற்றிச் சுவைக்கும்போது கிடைக்கும் பதில், இந்த அத்தியாயம் தரக்கூடிய எந்த வாதத்தைவிடவும் உறுதியானது.